பதக்கம் காட்டித்தான் குடியிருக்க வேண்டுமா?

ஆண்டில் இரண்டு நாட்கள் பழைய சிப்பாய்களைத் தேடி ஆட்கள் அலைகிறார்கள். ஒன்று ஜனவரி 26, மற்றொன்று ஆகஸ்ட் 15. ஊர்வலத்துக்கு ஒரு முதியவர் வேண்டும். நெஞ்சில் நாலு பதக்கம் தொங்க வேண்டும். நடக்க முடியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, ஜீப்பில் ஏற்றி வைக்கலாம். மீதி 363 நாட்கள் அவர் எந்தத் தெருவில் இருக்கிறார், எந்தக் கவுண்டரில் நிற்கிறார் என்று கேட்க ஆள் கிடையாது. சென்ற ஆகஸ்ட் 15 அன்று அத்திபெலேயில் நாம் கண்டதும் இந்தக் கூத்துதான். இது எங்கும் நடப்பதுதானே என்று விட்டிருப்போம். ஆனால் அன்று மேடையில் பேசப்பட்டது இந்த எல்லையில் குடியிருக்கும் தமிழர்கள் அத்தனை பேரையும் சம்பந்தப்படுத்தியது. ஆகவே எழுத வேண்டியிருக்கிறது.

அத்திபெலேயை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையில், கர்நாடகத்தின் கடைசி ஊர்களில் ஒன்று அது. தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு. சாதாரண நாட்களில் எல்லை இருப்பதே தெரியாது. ஓசூரில் வேலை, அத்திபெலேயில் வாடகை வீடு, சந்தாபுராவில் பிள்ளையின் படிப்பு என்று ஜனங்கள் போய் வந்துகொண்டிருப்பார்கள். காவிரிப் பிரச்சினை மூண்டுவிட்டால் அந்த எல்லை எழுந்து நிற்கும். 2016 செப்டம்பரில் இருபுறமும் பஸ்கள் நின்றுபோய், மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். 1991 டிசம்பரை நம்மில் வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே இங்கே சுதந்திர நாளில் கொடி பிடிக்கும் தமிழன், பக்கத்தில் நிற்பவனைவிட ஒரு சாண் உயர்த்தியே பிடிக்கிறான். ஏன் என்பது அவனுக்குத் தெரியும்.

ஊர்வலம் சிறப்பாகவே நடந்தது. பள்ளிப் பிள்ளைகள், பேண்டு வாத்தியம், காந்தி வேடம் போட்ட ஒரு பையன், எல்லாம் இருந்தன. நடுவே திறந்த ஜீப்பில் இரண்டு முதியவர்கள். ஒருவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவர், மதராஸ் ஸாப்பர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். மற்றவர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், அதே படை, இரண்டு மூன்று வயது இளையவர். இருவருக்கும் மேடையில் மைசூர்ப் பேட்டா சூட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், பிளாஸ்டிக் தட்டில் பழம் வைத்துக் கொடுத்தார்கள்.

முதலில் பேசிய உள்ளூர்ப் பிரமுகர், இன்றைய இளைஞர்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு இவர்களைப் பின்பற்ற வேண்டும் என்றார். அது வழக்கமான பேச்சு. கேடு ஒன்றும் இல்லை. பிறகு நம்மவர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். திருவண்ணாமலைக்காரரின் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இந்த மண்ணுக்காக ரத்தம் சிந்தியவன் தமிழன்! எங்களை வெளியூர்க்காரன் என்று சொல்கிறவர்கள் இந்த மார்பில் தொங்கும் பதக்கங்களைப் பார்க்கட்டும்!” என்று முழங்கினார். கைதட்டல் வானைப் பிளந்தது. முதியவர் மட்டும் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. ஜீப் யாருடையதோ, அது போய்விட்டது. பேட்டாவையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், வாடகைக்கு எடுத்ததாம். பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தபோதுதான் நாம் போய்ச் சேர்ந்துகொண்டோம். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம்.

“பெரியவரே, 71 சண்டையில் இருந்தீர்களாமே?” என்றோம்.

“இருந்தேன் தம்பி. எங்க எல்லாரையுமே தம்பின்னுதான் கூப்புடுவாங்க. மதராஸ் தம்பின்னா பட்டாளத்துல எல்லாருக்கும் தெரியும்” என்று சிரித்தார்.

அது உண்மை. மதராஸ் ஸாப்பர்களுக்கு ராணுவத்தில் ‘தம்பி’ என்பதுதான் செல்லப் பெயர். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து டாங்கிகள் போக வேண்டியிருந்தது. பாகிஸ்தான் படை புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே அவற்றுக்கு வழி திறந்தவர்கள் 9ஆவது எஞ்சினியர் ரெஜிமெண்டின் ஸாப்பர்கள். அந்த ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கேயே மாண்டார்; மகாவீர் சக்கரம் அவர் இறந்த பிறகு வந்தது. நம் முதியவர் அந்த வேலையில் இருந்தவர். அதைப் பற்றி அவர் சொன்னது மிகக் குறைவு. ராத்திரி, குளிர், தரையைக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும், வெடியில்லாத இடத்துக்கு வெள்ளை நாடா கட்ட வேண்டும், முன்னால் போனவன் திரும்பி வரவில்லை என்றால் அடுத்தவன் போக வேண்டும். அவ்வளவுதான். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே அவராகவே மேடைப் பேச்சுக்கு வந்தார்.

“அவரு பேசுனது எனக்கு ஒப்பல தம்பி. நான் சம்பளத்துக்குப் போனவன். ஊட்ல ஆறு பேரு, மானம் பாத்த பூமி, ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னாங்க, போயி வரிசையில நின்னேன். சரி, நான் போகாமலே இருந்திருந்தா? எம் பேரன் ஓசூர்ல லேத்து ஓட்றான். அவன் எந்தப் பதக்கத்தக் காட்டுவான்? பதக்கம் இல்லாதவன் மூட்டையக் கட்டிக்கினு போயிடணுமா?”

நண்பர்களே, பசந்தர் ஆற்றங்கரையில் வழி திறந்தவர் டீக்கடையிலும் வழி திறந்துவிட்டார். நம் மேடைப் பேச்சாளர்கள் ஆண்டாண்டாக உருப்போட்டு வைத்திருக்கும் வாதத்தின் அடிவயிற்றிலே குத்திவிட்டார்.

அந்த வாதம் என்ன? தமிழன் இந்த நாட்டுக்காகச் செத்தான், ஆகவே பெங்களூரில் அவன் வாழலாம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை ஒப்புக்கொண்டால், வாழும் உரிமைக்கு விலை உண்டு, அந்த விலை ரத்தம் என்பதையும் ஒப்புக்கொண்டதாகும். பிறகு விலை கொடுக்காதவன் கதி என்ன? பின்னி மில்லில் தறி ஓட்டியவன், ரயில்பாதையில் கல் சுமந்தவன், சாக்கடை அள்ளியவன், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன், இவர்களுக்கெல்லாம் பதக்கம் எந்தச் சர்க்கார் கொடுத்தது?

சரி, ரத்தக் கணக்கே பார்ப்போம் என்பவர்கள் கணக்கை முழுவதும் பார்க்க வேண்டும். பாதியில் புத்தகத்தை மூடக் கூடாது. மதராஸ் ஸாப்பர் படை 1780இல் சென்னைக் கோட்டையில் ‘பயனியர்’ என்ற பெயரில் வெள்ளைக்காரக் கம்பெனியால் தொடங்கப்பட்டது. இந்தக் கன்னட மண்ணில் அவர்கள் செய்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட கம்பெனிப் படைக்குப் பாதை வெட்டியதும் பதுங்கு குழி தோண்டியதும்தான். அது 1792இலும் 1799இலும் நடந்தது. 1809இல் பெங்களூர்த் தண்டு அமைந்தது. 1834இல் ஸாப்பர்கள் பெங்களூருக்கு வந்து, அல்சூர் ஏரிக்கரையில் நிலைத்தார்கள். அவர்களைச் சுற்றியும் தண்டைச் சுற்றியும் நம் பாட்டன்மார் குடியேறினார்கள். சமையல்காரராக, வண்டிக்காரராக, கொத்தனாராக, வண்ணாராக. தண்டும் நகரமும் ஒரே மாநகராட்சியாக ஆனது 1949இல்தான். இந்தச் சரித்திரத்தில் பெருமையும் உண்டு, கூலிக்காரனின் துயரமும் உண்டு, வெள்ளைக்காரனுக்குத் தோள் கொடுத்த வேலையும் உண்டு. இதில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து ‘இந்த மண்ணுக்காகச் சிந்திய ரத்தம்’ என்று மேடையில் காட்டினால், மீதித் துண்டை எடுத்துக் காட்ட எதிரில் ஒருவன் காத்திருக்கிறான்.

சுபேதார் சுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர், மதராஸ் ஸாப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, கண்ணிவெடி வெடிக்கப் போவதை அறிந்து, தன்னோடு வந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே பாய்ந்து விழுந்து இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். அந்த மனிதனின் மனத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அவர் யார் பிரகடனம் செய்த போரில் செத்தார்? இந்தியரை ஒரு வார்த்தை கேட்காமல் வைசிராய் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்ட போர் அது. தன் பக்கத்திலிருந்த நாலு பேருக்காகச் செத்தார் என்று சொல்லுங்கள், அது சத்தியம். எந்த மண்ணுக்காகவும் என்று சேர்க்காதீர்கள்.

நாம் அத்திபெலேயில் குடியிருப்பதற்குச் சான்று எங்கே இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமகன் எவனுக்கும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. அதில் பதக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பீகாரிலிருந்து வந்து பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பையனுக்கும் அதே பிரிவுதான். நம்மவர்களில் சிலர் அவனைக் கண்டு முகம் சுளிப்பதையும் பார்க்கிறோம். நேற்று நம்மைச் சொன்ன வார்த்தையை இன்று அவனைச் சொல்கிறார்கள்.

இனி, பதக்கத்துக்கு இவ்வளவு மரியாதை செய்கிறவர்கள் பதக்கக்காரனுக்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 ஆண்டுப் பணி வேண்டும். போருக்கென்று எடுத்தவனுக்கு ஐந்தோ ஆறோ ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆகவே ஒரு கைப்பணம், ரயில் டிக்கெட், போய் வா! பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் உயிர் பிழைத்தவன் ஊரில் பட்டினி கிடந்தான். பல ஆண்டுகள் கழித்து மாநில அரசுகள் மனம் இரங்கி மாத உதவி என்று கொடுத்தன. அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் தொகை வேறு.

நேதாஜியின் படைக்காரர்கள் கதை இதைவிடக் கசப்பானது. மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்த படை அது. ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். சுதந்திரம் வந்தபின் அந்தச் சிப்பாய்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் தியாகி பென்ஷன் 1972இல் வந்தது. டில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் அவர்களுக்கு இடம் கிடைத்தது எப்போது தெரியுமா? 2019இல்! தொண்ணூறு வயதைத் தாண்டிய நான்கு பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கிடைத்த மரியாதை.

71 வெற்றியைக் கொண்டாடி முடிப்பதற்குள், 1973இல் மூன்றாவது சம்பளக் கமிஷனின் பெயரால் சிப்பாயின் பென்ஷன் கணக்கையே மாற்றினார்கள். கடைசிச் சம்பளத்தில் 70 விழுக்காடாக இருந்தது 50 ஆகிவிட்டது என்பது முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் இன்றுவரை சொல்லும் குறை. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் வேலை செய்த இருவர், வெவ்வேறு ஆண்டில் ஓய்வு பெற்றதால் வெவ்வேறு பென்ஷன் வாங்கும் அநியாயம் வேறு. ‘ஒரே பதவி, ஒரே பென்ஷன்’ என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றி, 2015 ஜூனில் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று போலீஸ் வந்தது. மறுநாள் சுதந்திர நாள் பாதுகாப்பாம். இடத்தைக் காலி செய்யச் சொல்லி, பதக்கம் அணிந்த கிழவர்களைப் பிடித்துத் தள்ளினார்கள், சட்டை கிழிந்தது. செங்கோட்டையில் கொடியேற்றுவதற்கு முந்தின நாள்! பாதுகாப்பு யாரிடமிருந்து யாருக்கு?

செப்டம்பர் 5 அன்று கோரிக்கையை ஏற்றதாக அறிவித்தார்கள். அதிலும் நிலுவை, தவணை, மறு நிர்ணயம் என்று இழுத்தடித்து, விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போய், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நிலுவையை 2023 ஜூன் 30க்குள் கொடுத்து முடி என்று நீதிமன்றம் தேதி குறிக்க வேண்டியிருந்தது. எழுபது வயதுக்காரனிடம் தவணை பேசுகிற சர்க்காரை என்னவென்று சொல்வது!

தமிழ்ச் சிப்பாய் என்று உருகுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி. 1987இல் டில்லி அனுப்பிய அமைதிப்படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இலங்கைக்குப் போனார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது தமிழ்நாட்டு முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. ஈழத் தமிழன் மீது நடந்த கொடுமைக்கு அது எதிர்ப்பு; அந்த எதிர்ப்பு நியாயம் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் போகச் சொன்னவன் டில்லியில் இருந்தான், போனவன் கப்பலிலிருந்து இறங்கினான். வேண்டியபோது தோளில் தூக்குவது, வேண்டாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்வது, இரண்டிலும் சிப்பாய் வெறும் பொம்மைதான்.

டீக்கடையில் ஆனேக்கல்காரர் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். பட்டாளத்தில் கற்ற தமிழில் சொன்னார்: “எனக்கும் இவருக்கும் காவிரி வேற வேற. சர்வர் மட்டும் ஒண்ணே. அதும் வேலை செய்யல்ல.” பென்ஷனை முன்பு பாங்கிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் அதில் நிரூபிக்க வேண்டும். 2022 ஏப்ரலில், உயிர்ச்சான்று பதிவாகவில்லை என்று ஆயிரக்கணக்கானோருக்குப் பென்ஷன் வராமல் நின்றது. கூச்சல் எழுந்த பிறகுதான் அவகாசம் கொடுத்துப் பணம் போட்டார்கள். கண்ணிவெடி தோண்டிய விரலின் ரேகை தேய்ந்துபோய்க் கருவியில் விழவில்லை என்று நம் முதியவரை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பேரனுக்கு முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்கான படிப்புச் சலுகை கேட்டபோது, எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகம் ‘நீங்கள் கர்நாடகத்தில் இருப்பவர்’ என்றதாம். இந்தப் பக்கத்து அலுவலகம் ‘நீங்கள் தமிழ்நாட்டில் பதிவானவர்’ என்றதாம். பையன் படிப்பை விட்டு லேத்துக்குப் போனான். பதக்கத்தைத் தூக்கிக் காட்டிய நம் பேச்சாளர் இதில் ஒரு வரியாவது பேசினாரா? அந்த மேடையில் இரண்டு மாநிலத்துக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். மனு ஒன்றை அங்கேயே கொடுத்திருக்கலாம்.

1946இல் பென்ஷன் இல்லாமல் அனுப்பியது வெள்ளைக்காரன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இனி முடியாது. 2022 ஜூன் 14 அன்று வந்த ‘அக்னிபத்’ திட்டம் அதையே சட்டமாக்கியிருக்கிறது. நாலே ஆண்டு வேலை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்குப் போகலாம். அதில் பாதி அவர்கள் சம்பளத்திலேயே பிடித்த பணம். பென்ஷனும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். மானம் பார்த்த பூமியிலிருந்து, அதே சம்பளத்துக்காகத்தான் ஓடுகிறார்கள். இருபத்திரண்டு வயதில் முன்னாள் ராணுவத்தினன் ஆகித் திரும்பி வந்து ஓசூர்க் கம்பெனி கேட்டில் விசில் ஊதப் போகிறவர்கள் இவர்களில் எத்தனை பேர்? ஐம்பது ஆண்டு கழித்து இவர்களையும் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

நம் சங்கம் அடுத்த ஜனவரி 26க்குப் பொன்னாடை வாங்கக் கூடாது என்பது நம் கருத்து. அந்தப் பணத்தில் ஒரு கைரேகைக் கருவியும், முகத்தைப் படம் பிடித்து உயிர்ச்சான்று பதிவு செய்யக் கூடிய ஒரு செல்போனும் வாங்கலாம். அத்திபெலே, சந்தாபுரா, ஆனேக்கல் பகுதியில் இருக்கும் முன்னாள் சிப்பாய்கள், அவர்களுடைய விதவைகள் பட்டியலை இளைஞர் குழு எடுக்க வேண்டும். தமிழர், கன்னடர் என்று பிரிக்காமல் எடுக்க வேண்டும். இரண்டு மாநிலங்களின் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களுக்கும் ஒரே மனு, இரண்டு மொழியில்: எல்லையோரத்தில் குடியிருப்பவன் எந்த ஊரில் பதிவாகியிருந்தாலும் இருக்கும் ஊரிலேயே உதவி பெற வழி செய்ய வேண்டும். மனுவில் கையெழுத்திட வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, ஆதார் அட்டை மூன்றின் நகலையும் கொண்டு வரட்டும். பதக்கம் தேவையில்லை.